‘ஈ.டி.’யை மறுபடி பார்ப்பதானால் 1982 பதிப்பையே பாருங்கள்

பூமியில் தனியே சிக்கிய ஈ.டி. என்ற வேற்றுக்கிரகவாசிக்கும் எலியட் என்ற சிறுவனுக்குமான நட்பைச் சொல்லும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் இரண்டு பதிப்புகளாக உலவுகிறது. 1982இல் திரைக்கு வந்தது ஒன்று. இருபதாம் ஆண்டுக்காக 2002இல் கைவைத்து வெளியிட்டது இன்னொன்று. சின்ன வயதில் பார்த்ததைப் பிள்ளைகளோடு மறுபடி பார்க்க உட்காருகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, கையில் இருப்பது எது என்பதைத்தான்.

2002 பதிப்பில் பல காட்சிகளில் ஈ.டி.யாக நடித்த பொம்மையின் முகத்தை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸால் மாற்றினார்கள். குளியலறைக் காட்சி ஒன்றைச் சேர்த்தார்கள். சைக்கிள் துரத்தலில் அதிகாரிகள் பிடித்திருந்த துப்பாக்கிகளை அழித்துவிட்டு வாக்கி-டாக்கிகளைக் கொடுத்தார்கள். அப்படிச் செய்ததற்காக ஸ்பீல்பெர்க்கே பின்னாளில் வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2012 ப்ளூ-ரேயிலும் 2017 4கே வட்டிலும் இருப்பது பழைய பதிப்புதான். அவை கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம்.

பழைய டிவிடி என்றால் ஓடும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். 1982 பதிப்பு சுமார் 115 நிமிடம், 2002 பதிப்பு சுமார் 120. ஆனால் ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் டிவி முறையான பி.ஏ.எல். டிவிடியில் நொடிக்கு 24 ஃப்ரேம் படம் 25 ஆக ஓடும். நேரம் 4 சதவீதம் குறையும். அதாவது அதில் 115 என்று போட்டிருந்தால் அது 2002 பதிப்பாகவே இருக்கலாம். அதே காரணத்தால் இசையின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். படத்தை வைத்தே கண்டுபிடிப்பது நல்லது. தொடக்கத்தில் காட்டுக்குள் ஈ.டி. தப்பி ஓடும்போது, புல்லுக்கு மேலே நெஞ்சின் சிவப்பு ஒளி வழுக்கிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தால் அது பழையது. துள்ளித் துள்ளி ஓடும் உடம்பு தெரிந்தால் புதியது.

இந்தத் துள்ளல்தான் என் குறை. கார்லோ ரம்பால்டி செய்த ஈ.டி. கனமான, தடுமாறி நடக்கும் உயிர். முகபாவத்துக்கு இயந்திரத் தலைகள், நடப்பதற்கு உள்ளே ஆள் புகும் உடை, விரல் அசைவுக்கு ஒரு மைம் கலைஞரின் கை என்று பல துண்டுகளைச் சேர்த்த உருவம் அது. உடைக்குள் இருந்தவர்களில் ஒருவர், கால்கள் இல்லாமல் பிறந்து கைகளாலேயே நடந்த சிறுவன். படத்தில் ஈ.டி. குடித்துவிட்டுத் தள்ளாடும் நடை அவருடையது. பொம்மையின் குறை தெரியாமல் இருக்க ஒளிப்பதிவாளர் ஆலன் டேவியோ பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தார், அறையில் புகை பரப்பினார், முகத்தில் பாதியை இருட்டிலேயே விட்டார். அந்த இருட்டுதான் ஈ.டி.க்கு உயிர் கொடுத்தது. அதன்மேல் வழவழப்பான கிராஃபிக்ஸ் முகத்தை ஒட்டினால், எலியட்டின் கை தொடும் தோல் ஒன்றாகவும் அசையும் முகம் வேறாகவும் தனித்தனியே தெரிகிறது.

இதனால்தான் டிவி அமைப்பையும் சரிசெய்யச் சொல்கிறேன். மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்துங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இல்லாத ஃப்ரேம்களை டிவி தானே உருவாக்கி நடுவில் செருகும்போது படம் சீரியல் போல ஆகிவிடும். பொம்மை பொம்மையாகவே தெரியும். ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோட் போதும். இருட்டுக் காட்சி தெரியவில்லையே என்று பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகி டேவியோவின் வேலை முழுக்க வீணாகிவிடும். அதற்குப் பதில் அறை விளக்கை அணையுங்கள்.

பெரியவரான பிறகு பார்க்கும்போது புலப்படுகிற விஷயம், கேமராவின் உயரம். முக்கால்வாசிப் படம் வரை, அம்மாவைத் தவிர வேறு பெரியவர்களின் முகத்தைக் காட்டுவதேயில்லை. இடுப்பு, கால், டார்ச் வெளிச்சம், பெல்ட்டில் குலுங்கும் சாவிக்கொத்து. தவளை வெட்டும் வகுப்பின் ஆசிரியருக்குக்கூட முகம் கிடையாது. சாவிக்கொத்துக்காரரின் முகம் எந்த இடத்தில் முதன்முதலாகத் தெரிகிறது, அப்போது அவர் எலியட்டிடம் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். வில்லன் என்று நினைத்த ஆள் அந்த ஒரு ஷாட்டில் மாறிவிடுகிறார். கூடவே பூந்தொட்டி மேலும் ஒரு கண் இருக்கட்டும். ஈ.டி.யின் உடல்நிலை வசனத்தில் வருவதற்கு முன்பே அதில் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, தன் விண்கலத்தைத் திரும்ப அழைக்க ஈ.டி. கட்டும் தகவல் கருவி. அது வெறும் செட் பொருள் அல்ல. ஹென்றி ஃபைன்பெர்க் என்பவர் உண்மையிலேயே இயங்கும்படி செய்து கொடுத்தது. உள்ளே இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978இல் கொண்டுவந்த ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற, எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் பேசும் பொம்மை. டேப்பில் பதிவுசெய்த குரல் அதில் இல்லை. ஒரே சிப் குரலைக் கணக்கிட்டு உருவாக்கும். ரெக்கார்டு பிளேயரில் இசைத்தட்டுக்குப் பதில் வட்ட ரம்பத் தகடு. முள்கரண்டி ஒன்று அதன் பற்களைத் தள்ளித் தள்ளிச் சுழற்றும். கரண்டியை இழுக்கும் கயிறு மரத்தில் கட்டியிருப்பதால், காற்றில் கிளை ஆடினால் தகடு ஒரு பல் நகரும். தகடு சுற்றச் சுற்ற அதன்மேல் உரசும் தொடுப்புகள் பொம்மையின் பொத்தான்களை ஒரே வரிசையில் இயக்கும். ஆளில்லாமல், கரண்ட் இணைப்பில்லாமல் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு. ஃபாயில் ஒட்டிய குடை ஆன்டெனா. அந்தச் சக்தியில் சிக்னல் விண்கலத்தை எட்டுமா என்றால் நிஜத்தில் எட்டாது. ஆனால் செய்தியைத் தகட்டில் பதித்துக் காற்றால் ஓட்டும் யோசனை முழுக்கச் சரி. சற்று பெரிய பிள்ளைகள் இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி விளக்கலாம், வேறெங்கும் நிறுத்தாதீர்கள்.

சின்னக் குழந்தைகள் பயப்படும் இடங்கள் இரண்டு. ஓடைக்கரையில் ஈ.டி. வெளுத்துக் கிடப்பது, அதையடுத்து விண்வெளி உடை போட்ட ஆட்கள் வீட்டுக்குள் நுழைவது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம். பயந்தாலும் அந்த இடத்தில் அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் வெளுத்த ஈ.டி. மட்டுமே மனதில் தங்கும். பூ மறுபடி நிமிர்வதைப் பார்க்கவே மாட்டார்கள்.

முடிந்தவரை மூல ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். ஈ.டி.யின் குரலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், பாட் வெல்ஷ் என்ற பெண்மணியின் கரகரத்த குரலோடு வேறு பலரின் ஒலிகளையும், ரக்கூன், நீர்நாய், குதிரை மூச்சையும் கலந்து செய்தார். டப்பிங்கில் முதலில் போவது அந்த மூச்சுதான்.

கடைசித் துரத்தலுக்கு ஒலியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். படத்தின் நேரத்துக்குள் இசையை அடக்க முடியாமல் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் திணறியபோது, ஸ்பீல்பெர்க் திரையை அணைக்கச் சொல்லி, கச்சேரி போல வாசிக்கவிட்டார். பிறகு அந்த வாசிப்புக்கு ஏற்பப் படத்தை வெட்டி ஒட்டினார். பெயர்கள் ஓடும்போதும் இசை தொடர்கிறது. ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்கள் அடுத்த படம் தானாக ஓடும் ஆட்டோபிளேயை முன்பே அணைத்து வையுங்கள்.