சர்வரை அழித்த பிறகும் ஐந்து மாதம் வந்த பில்

ஆடிட்டர் சார் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருப்போம். செப்டம்பரில் ஒருநாள் 3பி (ஜிஎஸ்டி மாத ரிட்டர்ன்) போடுவதற்காக 2பி-யில் (விற்றவர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் பட்டியல்) வந்திருந்த பில்களை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். "தம்பி, சர்வரை ஏப்ரல்லயே எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. கிண்டி கிளவுட் கம்பெனிக்காரங்க பில் ஏன் மாசாமாசம் வருது?"

எடுத்துப் பார்த்தால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து பில். ஒவ்வொன்றும் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் 14,600 ரூபாய். பில்லில் "கிளவுட் சேவை" என்று ஒரே வரி. சர்வர் ஓடிய காலத்தில் மாதம் ஒன்பதாயிரம் வந்த பில் இது. தொகை குறைந்திருந்ததால் பழைய பாக்கியாக இருக்கும் என்று நானே முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

எங்களுடையது மண்ணடியில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம். அண்ணன் தம்பி இருவர் முதலாளிகள்: பெரிய பாய், சின்ன பாய். நான் கணக்கு எழுதுகிறேன்; கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி குடோனுக்குள் தண்ணீர் புகுந்து, மேசைக்குக் கீழே இருந்த டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. மூன்று வாரம் கையால் பில் போட்டோம். அதற்கப்புறம்தான் கிண்டியில் உள்ள ஒரு கம்பெனி மூலம் மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (இணையம் வழியாக ஓடும் வாடகை சர்வர்) எடுத்து டேலியை அதில் ஏற்றினோம். நன்றாகவே ஓடியது. இந்த ஏப்ரலில் புதுக் கணக்காண்டு தொடங்கியபோது, மண்ணடிக் கடை மாடியில் புது கம்ப்யூட்டர் போட்டு அதற்கே திரும்பிவிட்டோம். கிண்டி கம்பெனியின் டெக்னீஷியன் ஆன்லைனில் மெஷினை டெலீட் செய்துவிட்டு, "முடிஞ்சது சார், இனிமே பில் வராது" என்று போனில் சொன்னார்.

முடியவில்லை. இது தெரியாமல் காசு கட்டுகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மெஷின் ஒரு பொருள், அதன் பேக்கப் இன்னொரு பொருள். பேக்கப் போய் உட்காருவது ரெக்கவரி சர்வீசஸ் வால்ட் என்ற தனிப் பெட்டியில். மெஷினை அழித்தால் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. தினசரி பேக்கப் தோல்வியடையும், அவ்வளவுதான். பழைய ரெக்கவரி பாயின்ட்கள், அதாவது முன்பு எடுத்த பேக்கப் பிரதிகள், பேக்கப் பாலிசியில் போட்டிருக்கும் கெடுப்படி ஒவ்வொன்றாகக் கழியும். ஆனால் கடைசியாக எடுத்த ஒன்று மட்டும், நாமாகப் பேக்கப்பை நிறுத்தி அழிக்கச் சொல்லும் வரை கழியவே கழியாது. யாராவது தவறுதலாக மெஷினை அழித்துவிட்டால் மீட்க வேண்டுமே என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் மெஷினை அழிக்க வந்தவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? பேக்கப் தோல்வி என்று எச்சரிக்கை மெயில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. யாருக்கு என்று கேளுங்கள்: அந்தக் கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்ட ஆளின் மெயில் ஐடிக்கு.

கிண்டிக்குப் போன் செய்தேன். "ஆக்சஸ் கேட்டு மெயில் போடுங்க" என்றார்கள். போட்டேன். நான்கு நாள் கழித்து, மெயில் போதாது, லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் வேண்டும் என்று பதில் வந்தது. சின்ன பாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மண்ணடி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி நேராகக் கிண்டியில் இறங்கி அவர்கள் ஆபீசுக்குப் போனேன். ரிசப்ஷனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஒருவர் வந்து லெட்டரைப் பார்த்தார். "அக்ரிமென்ட் இவர் பேர்ல இல்லையே சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அக்ரிமென்ட் பெரிய பாய் பெயரில். அவர் காயல்பட்டினத்தில். வாட்ஸ்அப்பில் ஸ்கேன் வாங்கித் தருகிறேன் என்றேன். ஒரிஜினல்தான் வேண்டுமாம். மெயிலிலேயே யார் கையெழுத்து என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு அரை நாள் மிச்சம். அன்றைக்கு வசூலுக்குப் போக வேண்டிய இரண்டு பார்ட்டியும் தவறிப்போனார்கள்.

பெரிய பாய் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பி, அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வாரம் கழித்து லாகின் வந்தது. உள்ளே போனேன். வால்ட், அதற்குள் பேக்கப் ஐட்டம்ஸ், அதில் அஸூர் விர்ச்சுவல் மெஷின் என்ற வரி, பக்கத்தில் 1 என்ற எண். ஏப்ரலில் அழித்த எங்கள் மெஷின் பெயர் அப்படியே இருந்தது. பேக்கப்பை நிறுத்த முயன்றால் அனுமதி இல்லை என்று சிவப்பாக வருகிறது. எனக்குக் கொடுத்திருந்தது பேக்கப் ஆபரேட்டர் என்ற பொறுப்பு. அதில் பேக்கப் எடுக்கலாம், மீட்கலாம், ஆனால் அழிக்க முடியாது. அழிப்பதற்கென்று தெளிவாக எழுதிக் கேட்டவனுக்கு அழிக்க முடியாத பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் போன், மறுபடியும் இரண்டு நாள்.

உங்களுக்கு இந்த நிலை வந்தால் ஆக்சஸ் வேண்டும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பேக்கப் கான்ட்ரிபியூட்டர் வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பேக்கப்பை அழிக்க அது போதும். வால்ட்டையே அழிக்க அதுவும் போதாது, அது இருக்கும் ரிசோர்ஸ் குரூப்புக்கு (அஸூரில் பொருள்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) கான்ட்ரிபியூட்டர் வேண்டும்.

புதுப் பொறுப்பு வந்த அன்று மாலையே அழித்திருப்பேன். ஆடிட்டர் சார்தான் தடுத்தார். "இருங்க தம்பி. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். ஏப்ரல்ல எடுத்த காப்பில எல்லா வருஷமும் இருக்கான்னு பார்த்துட்டு அழிங்க." பார்த்தேன். மாடிக் கம்ப்யூட்டரில் 2022-23 கணக்கு இல்லை! டேலி ஒவ்வொரு கம்பெனிக் கணக்கையும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் வைக்கும். ஏப்ரலில் காப்பி எடுத்தபோது அவற்றில் ஒன்று விடுபட்டிருக்கிறது. புயலில் மூழ்கிய கம்ப்யூட்டரிலிருந்து சிரமப்பட்டு மீட்டெடுத்த கணக்கு அது. உலகத்தில் அப்போது அது இருந்த ஒரே இடம், நான் அழிக்கப் போன அந்த வால்ட்.

ஃபைல் ரெக்கவரி என்று ஒரு வசதி உண்டு. முழு மெஷினையும் மீட்க வேண்டியதில்லை. ரெக்கவரி பாயின்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்ன புரோகிராமும் ஒரு பாஸ்வேர்டும் கிடைக்கும். அதை நம் கம்ப்யூட்டரில் ஓட்டினால் பழைய டிஸ்க்குகள் நம்மிடம் புது டிரைவ்களாக வந்து நிற்கும். 12 மணி நேரம்தான் இருக்கும். ராத்திரி கடை மூடிய பிறகு மாடியில் உட்கார்ந்து ஓட்டினேன். சி, டி-க்குப் பக்கத்தில் எஃப் என்று ஒரு டிரைவ் முளைத்தது. திறந்தால் பழைய டேலி ஃபோல்டர். விடுபட்ட ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, அங்கிருந்தே டேலியில் திறந்து, 2023 மார்ச் 31 குளோசிங் ஸ்டாக்கை ஆடிட் ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தேன். பைசா சுத்தமாக நின்றது. அந்த நேரத்தில் எனக்கு ஐந்து மாதக் காசு பெரிதாகத் தெரியவில்லை. காப்பி செய்ததோடு விடாதீர்கள், திறந்து பாருங்கள்.

மறுநாள் அழித்தேன். பேக்கப் ஐட்டத்தில் "ஸ்டாப் பேக்கப்" கொடுத்தால் இரண்டு வழி கேட்கும்: டேட்டாவை வைத்துக்கொள்வதா, அழிப்பதா. வைத்துக்கொள்வது என்று கொடுத்தால் பேக்கப் நிற்கும், பில் நிற்காது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததும் மெஷின் பெயரை நம் கையால் டைப் செய்யச் சொல்லும். நான் மூன்று முறை அடித்தும் பட்டன் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் பெயருக்கு நடுவில் இருப்பது சின்னக் கோடு என்று தெரிந்தது. நான் அடித்தது கீழ்க்கோடு. சரியாக அடித்ததும் பட்டன் நீலமானது.

அழித்தவுடன் காணாமல் போகும் என்று நினைக்க வேண்டாம். அதே இடத்தில் சிவப்புக் குறியோடு சாஃப்ட் டெலீட் நிலையில் நிற்கும். அங்கே 14 நாள் இருக்கும். மனம் மாறினால் திரும்ப எடுக்கலாம். இந்த 14 நாளுக்குக் காசு கிடையாது. ஆனால் அது முடியும் வரை எங்களால் வால்ட்டை அழிக்க முடியவில்லை, உள்ளே பொருள் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. வால்ட் அழியாததால் அது இருக்கும் ரிசோர்ஸ் குரூப்பும் அழியவில்லை. சாஃப்ட் டெலீட்டை அணைத்து, அழித்ததை மீட்டு, மறுபடி அழித்தால் உடனே போய்விடும் என்று கிண்டியில் ஒருவர் வழி சொன்னார். அப்போது வழி சரிதான், ஆனால் பாதுகாப்பை அணைத்துவிட்டு அவசரப்பட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. அந்த அமைப்பை 'எப்போதும் ஆன்' என்று பூட்டியிருந்தால் அணைக்கவும் முடியாது. 14 நாள் பொறுத்துவிடுங்கள். காலி வால்ட்டுக்கும் காசில்லை.

இடைப்பட்ட நாட்களில் வேறு என்னவெல்லாம் மிச்சம் கிடக்கிறது என்று தேடினேன். மெஷினை அழிக்கும்போது டிஸ்க்கையும் சேர்த்து அழிக்க ஒரு டிக் உண்டு. டெக்னீஷியன் அதைப் போடவில்லை. எதோடும் இணையாத ஒரு டிஸ்க்கும், ஒரு நிலையான பப்ளிக் ஐபி முகவரியும் (இணையத்தில் அந்த மெஷினுக்கு இருந்த முகவரி எண்) கிடந்தன. இரண்டுக்கும் பில்லில் பங்கு. பட்டியல் அனுப்பினேன், அன்றே எடுத்துவிட்டார்கள். இன்னொன்று: உடனடி மீட்புக்கான ஸ்னாப்ஷாட்கள் (டிஸ்க்கின் அந்த நேரத்துப் பிரதிகள்) 'அஸூர்பேக்கப்ஆர்ஜி' என்று தொடங்கும் தனி ரிசோர்ஸ் குரூப்பில் மறைவாக இருக்கும். மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று டிக் போட்டால்தான் கண்ணில் படும். எங்களுடையது காலியாக இருந்தது. யாராவது அந்தக் குரூப்புக்கு லாக் போட்டிருந்தால் அவை கழியாமல் தங்கிவிடும், அதையும் பாருங்கள்.

நாங்கள் கொடுத்தது ஏன் அவ்வளவு என்பதும் தேடியபோதுதான் தெரிந்தது. வால்ட்டின் சேமிப்பு முறை ஜிஆர்எஸ் என்று இருந்தது. எங்கள் டேட்டா சென்னையில் உள்ள சவுத் இந்தியா டேட்டா சென்டரில் ஒன்று, புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியாவில் இன்னொன்று என்று இரண்டு ஊரில் இருந்திருக்கிறது. ஒரே இடத்தில் வைக்கும் எல்ஆர்எஸ்ஸைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. நாமாக மாற்றாவிட்டால் ஜிஆர்எஸ்தான் அமையும். பேக்கப் தொடங்கிய பிறகு மாற்றவும் முடியாது. புயலில் நனைந்தவர்களுக்கு இரண்டு ஊரில் வைப்பது நல்லதுதான் என்று சின்ன பாய் சொன்னார். இருக்கட்டும், ஆனால் அதை முதல் நாளே எங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

ஐந்து மாதக் காசைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். கிளவுடில் இடம் உபயோகமாகியிருக்கிறது, அதனால் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். மெஷினை அழித்துக் கொடுத்தது அவர்கள் ஆள், பில் வராது என்று சொன்னதும் அவர்கள் ஆள். அந்தப் பேச்சு போனில் நடந்ததால் என்னிடம் காகிதம் இல்லை. இனிமேல் எதை எடுக்கச் சொன்னாலும் மெயிலில்தான்: மெஷின், டிஸ்க், ஐபி, பேக்கப் என்று நான்கையும் தனித்தனியாக எழுதி, நான்குக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குவேன். மெஷினில் கை வைப்பதற்கு முன் பேக்கப்பை நிறுத்தி, டேட்டாவை அழித்த பிறகே மெஷினை எடுக்கச் சொல்வேன்.

பதினைந்தாம் நாள் பார்த்தபோது பேக்கப் ஐட்டம்ஸில் எண் 0. வால்ட்டை அவர்களே எடுத்தார்கள். அந்த மாதத்துக்கு, அழித்த நாள் வரை கணக்கிட்டு ஒரு பில் வந்தது, கட்டிவிட்டோம். அடுத்த மாதம் 5ஆம் தேதி, வழக்கமாக அவர்கள் மெயில் வரும் நாள், வரவில்லை. ஸ்பேமிலும் ஒருமுறை பார்த்தேன், அங்கும் இல்லை. 2022-23 கணக்கு இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, சின்ன பாய் தன் கையாலேயே தேதி எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் பீரோவில் வைத்துப் பூட்டினார்.