இரண்டு துளைகளும் ஓர் அரைவட்டமும்

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும்போது வெயில் உச்சத்தில் இருக்கும். ஆண்கள் பலர் மேல்சட்டை இல்லாமல்தான் நிற்பார்கள். பதினான்கு வயதுக்குப் பிறகு நான் ஒரு முறைகூட அப்படி நின்றதில்லை. தறிக்கூடத்துப் புழுக்கத்திலும் இரண்டு பனியன்களுக்கு மேல் தொளதொளச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பருவ வயதில் பல பையன்களுக்கு மார்பு சற்றுப் பெருத்து, ஓரிரு ஆண்டுகளில் தானாக வடிந்துவிடுவது இயல்பு. எனக்கு வடியவில்லை.

இருபத்து நான்கு வயதில், தழும்பே தெரியாது என்ற விளம்பரத்தை நம்பி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே மார்பைச் சரியாகத் தொட்டுப் பார்க்காமலே லைப்போசக்‌ஷனுக்கு நாள் குறித்தார்கள். உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து உள்ளே செலுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக இட்ட 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளைகள் வழியே மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்றே நாளில் வேலைக்குத் திரும்பினேன். ஆனால் மூன்று மாதத்தில் வீக்கம் முழுவதும் வடிந்தபோது, இரண்டு காம்புகளுக்கு அடியிலும் ரப்பர் வில்லை போன்ற கட்டி அப்படியே இருந்தது.

பிறகு வேலூரில் பார்த்த அறுவை மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கி அழுத்திக்கொண்டே வந்தார். வெறும் கொழுப்பாக இருந்தால் விரல்கள் தடையின்றிக் காம்புவரை வந்துவிடும். மார்பகச் சுரப்பியாக இருந்தால் நடுவில் ஒரு வட்டு தடுக்கும். “தம்பி, இது கொழுப்பு இல்லை, சுரப்பி. நாள்பட்டு நாராக இறுகிப்போச்சு, மாத்திரைக்கும் கரையாது, குழாய்க்கும் வராது” என்றார். சாப்பிடும் மருந்துகளை விசாரித்தார், விதைப்பையைப் பரிசோதித்தார், கல்லீரல், தைராய்டு, ஹார்மோன் அளவுகளுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். வயிற்றுப்புண் மாத்திரையான சிமெடிடின், இதய நோய்க்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், ஜிம்மில் ரகசியமாகக் கைமாறும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவையும் மார்பைப் பெருக்க வைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இவற்றை முதல் இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சிறு துளை முறையை நான் குறை சொல்லவில்லை. கொழுப்பே மிகுந்திருப்பவருக்கு அதுவே போதும். அக்குளருகே துளையிட்டு எண்டோஸ்கோப் எனும் கேமராக் குழாய் வழியாகச் சுரப்பியை எடுப்பதும், வெற்றிட ஊசியால் துண்டு துண்டாக வெட்டி உறிஞ்சுவதும்கூட உண்டு. அவற்றுக்குக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். நேர்மாறாக, தோலே தொங்கிப்போனவருக்கு உபரித் தோலையும் வெட்டி எடுக்க நேரிடும். அதைத் துளை வழியே செய்ய முடியாது.

எனக்குச் செய்தது திறந்த அறுவை. காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறினார்கள். 1946-இல் வெப்ஸ்டர் என்ற மருத்துவர் விவரித்த கீறல் இது; நிறம் மாறும் கோட்டிலேயே தையல் விழுவதால் தழும்பு ஓரளவு மறைந்துவிடுகிறது. சுரப்பியை முழுவதும் சுரண்டிவிட்டால் காம்பு சாஸர்போலக் குழிந்துவிடும் என்பதால் அடியில் ஒரு மெல்லிய தட்டை விட்டுவைத்தார்கள். எடுத்த திசு ஒரே துண்டாக நோயியல் பரிசோதனைக்குப் போனது; புற்றுநோய் இல்லை என்று எழுத்தில் வந்த தாளை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆண்களுக்கு மார்புப் புற்றுநோய் அரிது என்றாலும், ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி இருந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அழகைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வலி முதல் முறையைவிட அதிகம். உள்ளே ரத்தம் தேங்காமலிருக்க இரண்டு நாள் வடிகுழாய் வைத்திருந்தார்கள். ஆறு வாரம் இறுக்கப் பனியனை வேலூர் வெயிலில் கழற்றாமல் போட்டிருந்ததுதான் எனக்குப் பெரிய சோதனை. இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டேன். வலப்பக்கத் தழும்பு மங்கிவிட்டது. இடப்பக்கத்தில் சற்றுத் தடித்திருப்பதால் சிலிக்கான் ஜெல் தடவுகிறேன், அந்தக் காம்பில் உணர்வும் இன்னும் பாதிதான் திரும்பியிருக்கிறது. ஆடி மாதம் மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.