இருமல் மிட்டாய்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன், அதில் சிம்பன்சி காட்ட ஆட்களோடு கிபாலே காட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆட்களை ஃபோர்ட் போர்ட்டல் நகரம் வழியாகக் கூட்டிக்கொண்டு போய் கன்யன்சு முகாமில் ரேஞ்சரிடம் ஒப்படைக்க வேண்டும், பெர்மிட்டைக் காட்ட வேண்டும், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகச் சொல்லி எல்லோர் உயிரையும் எடுக்க வேண்டும். படை எறும்பு ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் சொல்ல வேண்டியதே இருக்காது.

2022இல் ஒரு வயதான ஜெர்மன்காரர் வந்தார். வரும் வழியெல்லாம் இருமல். பெர்மிட் மட்டுமே 200 டாலர், இத்தனை தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்பவா என்று, வண்டியிலேயே இருமல் மிட்டாயை ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். புறப்படுமுன் ரேஞ்சர் அம்மா யாருக்காவது சளி, காய்ச்சல் உண்டா என்று இரண்டு முறை கேட்டார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் நடந்திருப்போம், சிம்பன்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அதற்குள் மாஸ்க்குக்குள்ளேயே வெடித்தது இருமல். ரேஞ்சர் நின்றுவிட்டார். கத்தவில்லை, வாக்கி டாக்கியில் இன்னொருவரை வரச் சொல்லி எங்கள் இருவரையும் அவரோடு திருப்பி அனுப்பினார். காட்டில் யானை உண்டு, துப்பாக்கிக்காரர் இல்லாமல் நடக்க முடியாது. கிளம்பும்போது என்னிடம் மட்டும் கன்யவாரா என்றார். புரிந்தது. அதே காட்டின் இன்னொரு பகுதி அது. 2013இல் நம்மிடம் வெறும் ஜலதோஷமாக வந்துபோகிற ரைனோவைரஸ் அங்கே பரவி, 56 சிம்பன்சிகளில் 5 செத்துப்போயின. மனிதனைக் கண்டு ஓடாத அளவுக்கு இந்தக் காட்டுச் சிம்பன்சிகளைப் பழக்க வருடக்கணக்காக தினமும் பின்னாலேயே நடந்திருக்கிறார்கள், அதனால்தான் என்னைப் போன்ற ஆளால் ஒரு மணி நேரம் பக்கத்தில் நிற்க முடிகிறது. தெரிந்தேதான் மிட்டாய் கொடுத்தேன்.

முகாமில் கூரைக்கடியில் உட்கார்ந்தோம். எப்படி இருக்கும் என்று பெரியவர் கேட்டார். ஒரு ஆண் சிம்பன்சியைச் சொன்னேன். அத்திப்பழத்தைச் சக்கையாக மென்று கீழுதட்டுக்குள் அடைத்து, உதட்டைத் தட்டுபோல நீட்டி, கண்ணைத் தாழ்த்தி அந்தச் சக்கையையே பார்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சும், எங்கள் தெருமுனையில் வெற்றிலை மெல்லும் தாத்தா மாதிரி. கடைசியில் சக்கையைத் துப்பிவிட்டு அடுத்த பழத்துக்குக் கை நீட்டும். நாம் ஆறேழு பேர் நிற்பதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே காட்டுக்குள்ளிருந்து ஹூ, ஹூ என்று மெதுவாகத் தொடங்கி, ஏறி, கூட்டமாக அலறலாகி, நடுவில் மரத்தின் பலகைபோன்ற வேரை யாரோ உதைப்பதுபோல தம் தம் என்று கேட்டது. அடங்கும்வரை அவர் இருமலைப் பிடித்து வைத்திருந்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் பையிலிருந்த மிச்ச மிட்டாய்களை எடுத்து என் கையில் வைத்தார்.