சம்மர் ஃபெல்லோஷிப்பும் ஒரு டெஸ்பேட்ச் ரெஜிஸ்டரும்

சட்டச் சீர்திருத்த ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி, அதோடு கேட்கும் எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கட்டுரையில் என்ன எழுதுவது என்றெல்லாம் சீனியர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் அதைத் தொடப் போவதில்லை. விண்ணப்பித்தேன், ஆன்லைனில் பேசினார்கள், எடுத்துக்கொண்டார்கள். தலைவலி அதற்கப்புறம்தான்.

மே, ஜூன் இரண்டு மாதமும் ஒரு ஆய்வு மையத்தில் வேலை. எங்கள் குழுவுக்குக் கிடைத்தது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479ஆம் பிரிவு, அதாவது பழைய சி.ஆர்.பி.சி.யின் 436ஏ. அதிகபட்ச தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரைப் பிணையில் விட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. 2024 ஜூலை 1 முதல், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலே போதும். அந்தக் காலம் நிறைவடைந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்கிறது உட்பிரிவு 3. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எல்லாம் சரி, உட்பிரிவு 2 வந்து பூட்டுப் போடுகிறது: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்த வழியில் வெளியே வர முடியாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேருக்காகச் சிறைகள் கோர்ட்டுக்கு எழுதின, எத்தனை பேர் உட்பிரிவு 2இல் சிக்கி நின்றார்கள்? ஒரு சிறைக்காவது இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் 'சட்டத்தைத் திருத்துங்கள்' என்று எழுதினால் அது கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்குத்தான் லாயக்கு.

முதல் முட்டுக்கட்டை வந்தது சிறையிலிருந்து அல்ல, என் கல்லூரி அலுவலகத்திலிருந்து. கல்லூரியின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வந்தால்தான் மையம் எங்களுக்கு அறிமுகக் கடிதம் தரும். கடிதம் இருந்தால்தான் வெளி அலுவலகங்களில் வாசலைத் தாண்டலாம். மே மாதக் கல்லூரி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருந்த ஒரே ஒருவர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "எட்டு வாரத்துக்கெல்லாம் லெட்டர் தர முடியாதும்மா. தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல கூடாதுன்னு பார் கவுன்சிலே சொல்லியிருக்கு" என்றார்.

விதி அப்படித்தான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. விதியைச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. விண்ணப்பத்தை முதல்வரின் மேசைக்கே அனுப்பாமல் டிராயரில் வைத்துவிட்டு, "ரீஓப்பன் ஆகட்டும், பாக்கலாம்" என்றாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ரீஓப்பன் ஆகும்போது ஃபெல்லோஷிப்பே முடிந்திருக்கும், சார்!

கடைசியில் முதல்வர் வந்திருந்த ஒரு காலையில் நேராகப் போய் நின்றேன். முதல் நான்கு வாரத்தை இன்டர்ன்ஷிப்பாகவும் மிச்சத்தை விடுமுறைக்கால ஆய்வாகவும் பிரித்து ஒரே கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவ்வளவுதான் விஷயம். அடுத்த ஆண்டு போகிறவர்கள் ஏப்ரலில், செமஸ்டர் தேர்வுக்கு முன்பே, இப்படிப் பிரித்து எழுதிய வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சர்டிபிகேட்டில் மையத்தின் பதிவு எண்ணும், உங்களை மேற்பார்வையிட்ட வக்கீலின் என்ரோல்மென்ட் எண்ணும் இருக்க வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவையுங்கள். பின்னால் யாரும் திருத்தித் தரமாட்டார்கள்.

அடுத்தது, அந்த இரண்டு எண்ணையும் சிறையிடம் கேட்க ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. சட்டப்படி பதிலுக்கு 30 நாள். மொத்த ஃபெல்லோஷிப்பே எட்டு வாரம். ஆக, முதல் வாரத்தில் போகாத ஆர்.டி.ஐ. மனு போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டராகவோ ஆன்லைனிலோ கட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2)இலேயே இருக்கிறது. 'சட்ட மாணவி, ஆய்வுக்காக' என்று ஒரு பத்தி எழுதி இரக்கம் தேட வேண்டாம். கைதிகளின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று பிரிவு 8(1)(ஜே)யைக் காட்டி மொத்தத்தையும் மறுக்க வழி கிடைத்துவிடும். 'ஏன் அனுப்பவில்லை' என்றும் கேட்காதீர்கள். கோப்பில் இருப்பதைத்தான் தர வேண்டும், விளக்கம் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

இவ்வளவு பார்த்து, பெயர் வேண்டாம், மாதவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும் என்று ஒரு மத்திய சிறைக்கு அனுப்பினோம். கெடு முடியும் தறுவாயில் ஒற்றை வரிப் பதில் வந்தது: "கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை." முதல் மேல்முறையீடு போடலாம்தான். அதற்கு இன்னொரு 30 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை. போட்டோம். ஆனால் அறிக்கை அதுவரை காத்திருக்காது.

வழி காட்டியவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருக்கும் ஒரு அக்கா. பதிலைப் படித்துச் சிரித்துவிட்டு, "கணக்கு கேட்டா கணக்கு இல்லம்பாங்க. டெஸ்பேட்ச் ரெஜிஸ்டரைக் கேளு. அதுல நம்பர் விழாம ஒரு பேப்பர் வெளிய போகாது" என்றார். வெளியே போகும் கடிதங்களைப் பதியும் புத்தகம் அது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பதிவு. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஏதோ ஒரு பதிவேடு கட்டாயம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அதன் பெயரைச் சொல்லி, பிரிவு 2(ஜே)யின் கீழ் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். தொகுக்கும் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம்.

நாங்கள் மறுபடி ஆர்.டி.ஐ.க்குப் போகவில்லை, நாள் இல்லை. விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு மாவட்டந்தோறும் உண்டு. மாவட்ட நீதிபதி தலைமை, கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். ஆணைக்குழுச் செயலாளரும் அதில் இருக்கிறார். அவரிடம் மையத்தின் கடிதத்தைக் கொடுத்தோம். நின்றபடியே படித்தார், ஓரத்தில் இரண்டு வரி எழுதினார், சிறைக்கு அனுப்பிவிட்டார். கல்லூரி டிராயரை நினைத்துக்கொண்டேன்.

சிறையில் போன் வாசலோடு சரி. ஜெராக்ஸ் கிடையாது, படம் கிடையாது. ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு வார்டர் இருக்க, கையால் எழுதி எடுத்தோம். நோட்டும் இரண்டு பேனாவும் கொண்டுபோங்கள். என் பேனா பாதியில் மக்கர் செய்தது. டெஸ்பேட்ச் ரெஜிஸ்டரில் 479 என்று தலைப்பிட்டுக் கோர்ட்டுகளுக்குப் போன கடிதங்கள் இருந்தன, குறைவாக. 479இன் கீழ் யாருக்குத் தகுதி என்று சிறை வைத்திருந்த பட்டியலில் பலரின் பெயருக்கு நேரே குறிப்பு ஒரே மாதிரி: 'பிற வழக்கு நிலுவை'. அதாவது உட்பிரிவு 2.

அந்தப் 'பிற வழக்கு' எது என்று காவல் நிலையமும் குற்ற எண்ணும் (எஃப்.ஐ.ஆர். எண்) அதிலேயே இருந்தன. அறைக்கு வந்து, வழக்குகளின் நிலையைக் காட்டும் நீதிமன்ற இணையதளமான இ-கோர்ட்ஸில் எஃப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடினோம். கேஸ் நம்பர் தெரியாவிட்டாலும் நிலையமும் குற்ற எண்ணும் ஆண்டும் போதும். பலருக்கு இந்த வசதி தெரியவில்லை. தேடத் தேடத்தான் விஷயம் புரிந்தது. சிலருடைய 'பிற வழக்கு' எப்போதோ முடிந்துபோயிருந்தது. விடுதலை என்றே தீர்ப்பாகி, அந்தத் தகவல் மட்டும் சிறைப் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை.

உட்பிரிவு 2ஐ நீக்க வேண்டும் என்று எழுதுவதாகத்தான் முதலில் திட்டம். அதுவும் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் எங்களை மேற்பார்வையிட்ட வக்கீல் மேடம், "பார்லிமென்ட் வரைக்கும் போக வேண்டாதது எதுவோ அதை முதல்ல எழுதுங்க" என்றார். எனவே முதல் பரிந்துரை இப்படிப் போனது: 'பிற வழக்கு நிலுவை' என்று எழுதும் முன் கண்காணிப்பாளர் அந்த வழக்கின் அன்றைய நிலையை இ-கோர்ட்ஸில் பார்த்து, வழக்குக்கான தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணையும் தேதியையும் குறிக்க வேண்டும். சுற்றறிக்கை ஒன்றிலேயே முடிகிற வேலை.

'பிற வழக்கு' முடிந்துபோனவர்களின் பட்டியலை ஆணைக்குழுச் செயலாளரிடமும் கொடுத்தோம். இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் அதிலிருந்து பிணை மனு போட்டிருப்பதாக அக்கா போனில் சொன்னார். உதவித்தொகை தாமதமாக வந்ததை அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு, அதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. ஆர்.டி.ஐ. மனுவில் மட்டும் தங்கியிருக்கும் பி.ஜி. முகவரியைப் போடாதீர்கள், வீட்டு முகவரியைக் கொடுங்கள். பதில் வரும்போது நீங்கள் அறையைக் காலி செய்திருப்பீர்கள்.