கை முறிந்தால் எந்தப் பிரிவு? ஒரு அடிதடி வழக்கில் நாங்கள் போய்வந்த வழி

அடி விழுந்த வீட்டில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது கொலைமுயற்சிதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எல்லை வேலிக்குக் கதியால் மாற்றி நடப்போய் வாய்த்தர்க்கம், பக்கத்து வளவுக்காரர் கொட்டனை, அதாவது தடித்த பொல்லைத் தூக்கிவிட்டார், சித்தப்பாவின் இடது கையில் விழுந்தது. அன்றிரவே கனடாவில் இருந்து மாமா போனில், "கொலைமுயற்சி எண்டு எழுதுங்கோ, உள்ளுக்கை போடாமல் விடாதேங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார். பொலிஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கடைசிவரை சித்தப்பாவோடு திரிந்தவன் நான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பிரிவில் வழக்கு என்பதை எங்கள் கோபம் தீர்மானிப்பதில்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை முதலில் காயத்தைப் பார்க்கிறது, பிறகு எதனால் அடித்தது, என்ன எண்ணத்தோடு அடித்தது என்று கேட்கிறது. வீக்கம், கன்றல், கீறல் என்றால் சாதாரண காயம், 314ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. கடுங்காயம் எது என்று 311ஆம் பிரிவு பட்டியலே போட்டு வைத்திருக்கிறது: கண் போதல், காது போதல், முகம் நிரந்தரமாகக் கெடுதல், எலும்போ பல்லோ முறிதல், உயிருக்கு ஆபத்து, இருபது நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போவது என்று அது நீளும். அந்தப் பட்டியலுக்குள் வந்தால் 316, ஏழு வருடம் வரை போகலாம். ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 317. கொலைமுயற்சி 300ஆம் பிரிவு, அது வேறு உயரம். ஆள் செத்திருந்தால் கொலை என்றே ஆகியிருக்கும் என்ற எண்ணமோ அறிவோ அடித்தவனுக்கு இருந்தது என்று காட்ட வேண்டும். வாளோடு வீட்டுக்குள் புகுந்து தலைக்கு வெட்டுகிற கும்பலுக்கு அது பொருந்தும். ஒரு அடி அடித்துவிட்டுத் தானே கொட்டனை எறிந்துவிட்டு வீட்டுக்குள் போன அறுபது வயது மனுசன்மேல் அதை நிறுத்துவது கஷ்டம் என்று சட்டத்தரணி முகத்துக்கு நேரே சொன்னார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை, சரி, என்ன செய்வது.

பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது சித்தப்பா வலியில் பாதியை விழுங்கிவிட்டார். எழுதிய அதிகாரி பொறுமையானவர், "அடிக்கேக்கை எங்கை நிண்டவர், எத்தினை அடி, என்னத்தாலை, ஆர் பாத்தது?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் அப்படியே இருக்க வேண்டும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், ஏனென்றால் பின்னாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்த முதல் வாக்குமூலத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு குறுக்குக்கேள்வி கேட்பார். "தலைக்குத்தான் ஓங்கினவர், நான் கையைக் குடுத்தன்" என்று சித்தப்பா சொன்னது அப்படியே எழுதப்பட்டது. வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு, பிறகே கையெழுத்து. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

அங்கேயே சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம் கொடுத்து போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பிரச்சினை இல்லை, அங்குள்ள பொலிஸ் காவலரணூடாகத் தகவல் போகும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஜேஎம்ஓ, அதாவது சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை வார்ட்டை விட்டு வெளியேறக்கூடாது. "மருந்து கட்டியாச்சு, வீட்டை போவம்" என்று துண்டு வெட்டிக்கொண்டு, அதாவது வார்ட்டில் பெயரை வெட்டுவித்து வீட்டுக்குப் போய், காயம் ஆறிய பிறகு வந்து நிற்பவர்களை நான் அங்கேயே கண்டேன். ஆறிய காயத்தை வைத்து டொக்டர் என்ன எழுதுவார்?

ஜேஎம்ஓ பார்த்த விதம்தான் எனக்கு இந்த முழு அலைச்சலிலும் ஆச்சரியமானது. நாங்கள் வீக்கத்தைக் காட்ட, அவர் முன்கையைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு சிவந்த கோடுகள் சமாந்தரமாக ஓட, நடுவில் தோல் வெளிறிக் கிடந்தது, ரயில் தண்டவாளம் மாதிரி. உருண்டையான தடியால் அடித்தால் அப்படித்தான் வருமாம், அடிபட்ட இடத்தில் இரத்தம் இரு பக்கமும் ஒதுங்கி அங்கே குழாய்கள் கிழிவதால். அளவுகோல் வைத்து நீளம், அகலம், முழங்கையில் இருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு, "ஐயா, கையை எப்பிடித் தூக்கினீங்கள், ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றார். சித்தப்பா வலது கையைத் தூக்கிக் காட்ட, "அடிபட்டது மற்றக் கையெல்லோ" என்று அவர் சிரிக்க, சித்தப்பாவும் அன்றைக்கு முதல்தடவை சிரித்தார். எக்ஸ்றேயில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் முறிந்திருந்தது. தலையைக் காக்கக் கை உயர்த்தியவர்களுக்கு வருகிற முறிவு அது, தற்காப்புக் காயம் என்று பதிந்தார். மது வாசனை இருக்கிறதா என்றும் பார்த்து எழுதினார். குடிக்காதவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு, குடித்துவிட்டுச் சண்டைக்குப் போனவர்களுக்கு எப்படி என்று நீங்களே யோசியுங்கள்.

எக்ஸ்றேயில் முறிவு தெரியாவிட்டால் சித்தப்பாவின் வழக்கு மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கலாம். இரு தரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்க 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது, காசு செலவில்லை, சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை, சின்னக் காயங்கள் அங்கேதான் அனுப்பப்படும். எலும்பு முறிந்திருந்ததால் எங்கள் வழக்கில் பொலிஸ் நேரே நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கை, அதாவது விசாரணை விவரத்தை நீதவானுக்குச் சொல்லும் அறிக்கை போட்டது, எதிராளியும் முன்னிலைப்படுத்தப்பட்டார். உள்ளே வைக்கவில்லை, சரீரப்பிணையில், அதாவது ஆட்கள் பொறுப்பு நிற்கிற பிணையில் விட்டார்கள், சாட்சிகளோடு தொடர்புகொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இதற்கிடையில் அவரும் கழுத்தில் ஒரு கீறலைக் காட்டி, சித்தப்பா முதலில் தள்ளினார், தற்பாதுகாப்புக்கு அடித்தேன் என்று ஒரு எதிர்முறைப்பாடு கொடுத்துவிட்டார். எங்களூரில் இது வழமை, பயப்பட வேண்டாம். 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்பாதுகாப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மிஞ்சிய அடிக்கு அதில் இடமில்லை. வெறுங்கையால் தள்ளியவருக்குக் கொட்டனால் பதில் சொல்வது எந்தக் கணக்கில் தேவை? அவருடைய முறைப்பாடு மட்டும் மத்தியஸ்த சபைக்குப் போய், சித்தப்பா மன்னிப்புக் கேட்டதோடு முடிந்தது.

பிறகு பக்கத்து வளவுக்காரரின் மகன் ஒழுங்கையில் நின்று, சாட்சி சொல்ல இருந்த எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துக் கத்தினான். அக்கா பயந்துபோய்ப் பின்வாங்கப் பார்த்தார். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். அதையே தனி முறைப்பாடாகப் போட்டோம், பிறகு ஒழுங்கை அமைதியாகிவிட்டது.

நீதிமன்றத்தில் நாங்கள் வழக்காளி இல்லை, வழக்கை நடத்துவது பொலிஸ். நாங்கள் ஒரு சட்டத்தரணியைப் பாதிக்கப்பட்டவர் சார்பில் முன்னிலையாக்கினோம். வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. தவணை, தவணை, இன்னொரு தவணை. மருத்துவ அறிக்கை வரவில்லை என்று ஒன்று, அதிகாரி இடமாற்றம் என்று ஒன்று. கொட்டன் ஆபத்தான ஆயுதமா என்று எதிர்த்தரப்பு நீளமாகப் பேசியது, கடைசியில் குற்றப்பத்திரம் 316இல் நின்றது. கோயில் கொடியேறுகிற நாள் கிட்டக்கிட்ட, "பேசி முடியுங்கோவன்" என்று உறவினர் பக்கமும் நெருக்கினார்கள். சித்தப்பா, "கோர்ட் சொல்லட்டும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது. சமாதானம் என்று சொல்லி வந்தவர்களில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பக்கத்து வளவுக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனை விதித்து ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தார்கள், சித்தப்பாவுக்கு நட்டஈடும் கட்டச் சொன்னார்கள். ஒத்திவைத்த தண்டனை என்றால் சும்மா விட்டதாக மாமா நினைக்கிறார். இந்த ஐந்து வருடத்துக்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றம் செய்தால் இந்தத் தண்டனையும் தலையில் விழும் என்று அவருக்கு இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். வேலி? அது இந்த வழக்குக்குள் வரவே இல்லை. எல்லைக்கு நிலஅளவையாளர் வர வேண்டும், அது மாவட்ட நீதிமன்றத்தில் தனிக் கோப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது.