சிரிப்பு வராத பையன்

"இப்போ ரொம்ப அமைதியா இருக்கான் டாக்டர். டீச்சருக்கே ஆச்சரியம்" என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குழந்தைகள் மனநலப் பிரிவில் நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள எட்டு வயதுப் பையன். அதற்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் குறித்தாகிவிட்டது. இதே அளவு தொடரட்டும் என்று எழுதப் போனேன்.

பக்கத்தில் இருந்த சீனியர் டாக்டர் பையன் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படிப்பா இருக்கு?" என்றார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "யாராவது ஜோக் சொன்னா புரியுது. சிரிப்புதான் வரல."

அளவு கூடிப்போயிருந்தது. மூன்று வாரமாக அம்மாவைக் கேட்டேன், டீச்சர் நிரப்பிய படிவத்தைப் பார்த்தேன். மாத்திரையை விழுங்குகிறவனை மட்டும் கேட்கவில்லை. ஒரு படி இறக்கினோம். துறுதுறுப்பு கொஞ்சம் திரும்பி வந்தது, சிரிப்பும் வந்தது.

"இதுல எது நல்ல மருந்து டாக்டர்?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்து சொல்லிவிடக்கூடிய விஷயமாக இருந்தால் எனக்கும் நிம்மதிதான். மெத்தில்ஃபெனிடேட்டில் எடையை வைத்துக்கூடச் சரியான அளவைக் கணிக்க முடியாது. பெரிய பையனுக்குக் குறைந்த அளவே போதுமானதாக இருக்கலாம். ஒல்லிக் குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். 1999இல் அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து எம்டிஏ என்ற ஆய்வு வெளியானது. வழக்கமான சிகிச்சைக்குப் போன பிள்ளைகளிலும் பெரும்பாலோர் மருந்து எடுத்தவர்கள்தான். ஆனால் அளவைப் பார்த்துப் பார்த்து அமைத்து, மாதாமாதம் வரவழைத்துக் கவனித்த குழந்தைகள் அவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் மருந்துச் சீட்டோடு ஒரு நோட்டும் வைக்கச் சொல்கிறேன். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எப்படி, எப்போது தூங்கினான். சில நாளில் அந்த நோட்டு பேச ஆரம்பித்துவிடும். "மருந்து கொடுத்ததிலிருந்து கோபம் அதிகமாயிடுச்சு" என்று ஒரு அப்பா நிறுத்தியே விட்டிருந்தார். குறிப்பைப் பார்த்தால் ரகளை எல்லாம் மருந்தின் வேகம் இறங்குகிற நேரத்தில்தான். குறுகிய நேர மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். அவனுக்கு நீண்ட நேர வகைக்கு மாறியதும் அந்த ரகளை பெருமளவு அடங்கியது.

நீண்ட நேர வகையிலும் ஒரு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு பையனுக்குக் காலையில் படபடப்பு, அழுகை. மதியம் ஆனால் மருந்து கொடுக்காத மாதிரி. ஒத்துக்கொள்ளவில்லை, அடாமாக்ஸெட்டின் என்ற வேறு மருந்துக்கு மாற்றிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அது முழுப் பலன் காட்ட நாலு, ஆறு வாரம் ஆகும். அவ்வளவு நாள் காக்க வைக்கப் போகிறோமே என்று கடைசியில் ஒரு கேள்வி கேட்டேன்: "மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீங்க?"

"முழுங்க மாட்டேங்கிறான். பொடி பண்ணி பால்ல கலந்துடுவேன்."

நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டிய மருந்து ஒரே மடக்கில் உள்ளே போயிருக்கிறது. பொடி செய்யக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அந்த அம்மா மேல் என்ன தப்பு? திறந்து தூவிக் கொடுக்கக்கூடிய காப்ஸ்யூல் வகையும் உண்டு. அதற்கு மாற்றினோம், அதே மருந்துதான்.

இப்போது நோட்டில் பிள்ளைக்கென்று ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். போன வாரம் பத்து வயதுப் பெண் ஒருத்தி அதில் எழுதியிருந்தாள்: "கணக்கு கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சுடுது. மதியம் பசிக்கவே இல்ல. ராத்திரி படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது." அம்மாவின் பத்தியில் "பரவாயில்லை" என்று மட்டும் இருந்தது. காலைச் சாப்பாட்டை முடித்த பிறகே மாத்திரை, ஆனால் இப்போது போடுவதைவிட அரை மணி நேரம் முன்னதாக என்று மாற்றியிருக்கிறோம். அடுத்த வாரம் வருவாள்.