பூம்பாறை ரோட்டில் பூ பார்த்துக்கொண்டே

கொடைக்கானலில் சைக்கிள் என்றால் ஏரியைச் சுற்றும் 5 கிலோமீட்டர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று சுற்றி, வழியில் சுட்ட சோளம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிற கியர் சைக்கிள் ஒன்றும் பூக்களைப் படம் எடுக்க ஒரு போனும் கையில் இருந்தால் ஏரியை விட்டு மேலே ஏறி, அப்சர்வேட்டரி வழியாகப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய்ப் பாருங்கள். மழை விட்டு விட்டுப் பெய்கிற ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த ரோட்டின் இரண்டு ஓரமும் பூத்துக் கிடக்கும். காரில் போகிறவர்களுக்கு அது வெறும் பச்சையாக ஓடி மறைந்துவிடும்.

பூ பார்ப்பதற்கு நல்லது ஏற்றம்தான். ஏரி இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். அப்சர்வேட்டரி 2,343 மீட்டரில். குறைந்த தூரத்துக்குள் அவ்வளவு ஏற வேண்டும் என்பதால் சைக்கிள் நடை வேகத்துக்கு வந்துவிடும். மலையை வெட்டி ரோடு போட்ட பக்கம் இடது கையில் வருகிற இடங்களில், வெட்டிய மண்சரிவு நம் கண் மட்டத்துக்கு நிற்கும். தரையில் குனிந்து தேட வேண்டிய செடியெல்லாம் அங்கே முகத்துக்கு நேராக வளர்கிறது. நீர் கசிந்து பாசி பிடித்த சரிவாக இருந்தால் கட்டாயம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஈரச் சரிவுகளில் நம் வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் காட்டு உறவினர்கள் வளர்கிறார்கள். இம்பேசன்ஸ் என்கிற அந்தப் பேரினத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை பெரிய தாய்வீடு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பல இனங்கள் இங்கே மட்டும் உண்டு. முன்னால் இருந்து படம் எடுத்தால் இளஞ்சிவப்பு இதழ் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் போனைக் கொண்டுபோனால் பூவின் பின்னால் மெல்லிய வால் ஒன்று வளைந்து இறங்குவது தெரியும். தேன் இருப்பது அந்த வாலுக்குள். அது எவ்வளவு நீளம், எப்படி வளைகிறது என்பதை வைத்துத்தான் இந்த இனமா, அந்த இனமா என்று பிரிக்க முடியும். முற்றிய காயை லேசாகத் தொட்டால் போதும், வெடித்து விதையைச் சிதறடிக்கும். நான் அதைச் செய்யாமல் ஒருநாளும் கடந்துபோனதில்லை.

போனில் பூ எடுப்பது பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. பெரிய கேமராக்காரர்கள் பூவுக்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பழனி மலையில் பூத்ததா, பெங்களூர் மாடியில் பூத்ததா என்று சொல்லவே முடியாது. போனின் சென்சார் சின்னது. அதனால் கிட்டே இருக்கிற பூவோடு பின்னால் இருக்கிற பாறை, புல், மேகம் எல்லாம் ஓரளவு தெளிவாகவே விழும். இதைப் போனின் குறை என்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் பலம். போர்ட்ரெய்ட் மோடை நான் தொடுவதில்லை. அது கணக்குப் போட்டு மங்கலாக்கும்போது காசித்தும்பையின் வாலையும் சேர்த்து அழித்துவிடுகிறது. வைட் லென்ஸை வைத்து, போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். பூவின் உயரத்திலிருந்து பார்த்தால் பூ முன்னால் பெரிதாக நிற்கும், அது வளர்கிற மலையும் பின்னால் முழுசாக இருக்கும். பூவுக்கு ஒரு ஊர் உண்டு, படத்தில் அந்த ஊரும் இருக்க வேண்டும்.

அப்புறம் இலை, தண்டு, முழுச் செடி என்று தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன். பூ மட்டும் உள்ள படத்தை ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளத்தில் போட்டால் தாவரவியல் தெரிந்தவர்களுக்கே பெயர் சொல்வது கஷ்டம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரிந்துவிடும்.

அப்சர்வேட்டரி ஏற்றம் முடிகிற இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் அது. சூரியனில் தெரிகிற கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்தது இங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பூவுக்கோ இதற்கு நேர்மாறாக, நேர் வெயில் படாத வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் மஞ்சளும் சிவப்பும் வெளுத்து, இதழின் நரம்பெல்லாம் காணாமல் போய்விடும். மேகம் வருகிற வரை காத்திருப்பேன். இல்லையென்றால் என் உடம்பாலேயே நிழல் கொடுப்பேன். திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். ஊதாப் பூக்கள்தான் பெரிய தொல்லை. கண்ணுக்குச் செவ்வூதாவாகத் தெரிவதைப் போன் நீலமாக்கிவிடுகிறது. அந்த இடத்திலேயே பூவைப் பார்த்துக்கொண்டு நிறத்தைத் திருத்திவிடுவது நல்லது. அறைக்குப் போன பிறகு எது உண்மையான நிறம் என்று மனசு நிச்சயமாகச் சொல்லாது.

அங்கிருந்து பைன், தைல மரம், வாட்டில் காடுகளுக்குள் ரோடு இறங்குகிறது. சுற்றுலா வருகிறவர்கள் காடு என்று நின்று ரசிப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இவை எல்லாமே நட்ட மரங்கள். தைல மரமும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஒன்று விறகுக்கு, இன்னொன்று தோல் பதனிடும் பட்டைக்கு. அதற்கு முன் இந்த மேடுகள் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலை நிற்கும். புல்வெளியைத் தரிசு என்று நினைத்து மரம் நட்டார்கள். நட்டவை நின்ற இடத்தில் நிற்காமல், குறிப்பாக வாட்டில், தானாகப் பரவிப் புல்லை மூடிக்கொண்டே போகிறது. இந்த நிழலுக்குள் பூக்கள் சட்டென்று குறைந்துபோவதைச் சைக்கிளில் போகிறவர் கண்ணால் பார்க்கலாம். மஞ்சளாக, ஐந்து இதழும் காற்றாடிபோல் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிற ஹைபெரிகம் புதர் வெளிச்சமான திருப்பத்தில் நிற்கும். மரங்களுக்குள் நுழைந்ததும் ஒன்றுகூட இருக்காது.

ரோட்டோரப் பூக்களிலும் வெளியூர்க்காரர்கள் நிறைய. வெள்ளையாகப் பூத்து வாடும்போது இளஞ்சிவப்பாகிற சின்ன டெய்சி மெக்சிகோவிலிருந்து வந்தது. உண்ணிச்செடி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து. பூம்பாறைக்கு முன்னால், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூத்த ஒரு செடியை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது, மலைப்பூண்டு விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எழுந்து வந்தார்.

“தம்பி, இதைப் போயா படம் புடிக்கிற? இதை மாடுகூடத் தொடாதுப்பா. வெட்ட வெட்ட வளருது.”

அவர் சொன்னது சரிதான். அதுவும் மெக்சிகோச் செடியே. இங்கே புல்வெளி ஓரத்தையும் ஓடைக் கரையையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. “இதை எதுக்கு எடுக்குறேன்னா, எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பதிவு இருக்கணும்க்கா” என்றேன். “அப்ப எங்க தோட்டத்து ஓரத்தையும் எடு” என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எடுத்தேன். திரும்பும்போது கால் கிலோ பூண்டு வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு; பையைத் திறக்காமலே வாசம் வரும்.

பூம்பாறையின் படிக்கட்டு வயல்களையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். அதைத் தாண்டி மன்னவனூர் பக்கம் போகும்போது மறுபடியும் புல் தொடங்கும். மழைக்காலத்தில் ஈரமான புல் சரிவில் சிவப்பாக ஏதோ மினுங்கினால் குனிந்து பாருங்கள். பூச்சி தின்னும் ட்ரோசெராவாக இருக்கலாம். விரல் உயரம்தான் இருக்கும். இலையைச் சுற்றி இருக்கிற முடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளிப் பசை. கொசு அளவுப் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். இதற்குப் போனின் மேக்ரோ வேண்டும். ஆனால் மேக்ரோவில் போனின் நிழலே செடிமேல் விழும், ஆகவே வெளிச்சம் பக்கவாட்டில் வருகிற மாதிரி உட்கார வேண்டும். காற்று அடித்தால் பர்ஸ்டில் தொடர்ந்து எடுத்து, அசையாத ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். பனிமூட்டத்தில் லென்ஸில் ஈரம் படியும். பழைய பருத்தித் துணி ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

புல்வெளியில் நான் மிகவும் ஆசையாகத் தேடுவது சாட்டிரியம் என்கிற தரை ஆர்க்கிட். ஒரே தண்டில் இளஞ்சிவப்புப் பூக்கள் அடுக்காக நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் இரண்டு வால். பார்த்த இடத்தைச் சொல்ல மாட்டேன். ஆர்க்கிட் கிழங்கைத் தோண்டி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லொகேஷன் ஆனில் இருந்தால் போன் எடுக்கிற படம் ஒவ்வொன்றிலும் இடம் பதிந்துவிடுவதால், இந்தப் படங்களைப் பகிரும் முன் அதை நீக்கிவிடுகிறேன். புல்லுக்குள் நடக்கும்போதும் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒரு பூவை எடுக்கப் போய் நாலு நாற்றை மிதித்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

குறிஞ்சியைப் பற்றிக் கேட்பீர்கள். நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது, இனி 2030. ஆனால் புதர்கள் இப்போதும் இருக்கின்றன, பூ இல்லாமல். அவற்றையும் எடுத்து வைக்கிறேன். எந்தச் சரிவில் குறிஞ்சி நிற்கிறது, எங்கே வாட்டில் அதை நெருங்குகிறது என்று இப்போதே படம் இருந்தால்தான் 2030-இல் ஒப்பிட முடியும்.

மன்னவனூரிலிருந்து மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற பஸ் தெரியாது, காட்டெருமை ரோட்டைக் கடப்பதும் தெரியாது. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். வரும்போது வேகமாக இறங்கிய பைன் காடு இப்போது நீண்ட ஏற்றம். ஆனால் இப்போது ரோட்டின் மறுபக்கம்தான் உங்களுக்கு இடது கை. காலையில் கண்ணில் படாத சரிவெல்லாம் பக்கத்தில் வரும், வேகமும் நடை வேகம்தான். போனில் கால் பங்கு சார்ஜையாவது அதற்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.